தொட்டுக் கும்பிட்டதற்குப் பூஜ்யம்

ஜிம்னாஸ்டிக்ஸ் முகாமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்கு,

மற்ற வேலைகளில் இருபத்திரண்டு வயதில்தான் முதல் சம்பளம் வாங்குவார்கள். நான் அந்த வயதில் ஓய்வு பெற்றேன். விழுப்புரம் உள்ளரங்கில் சால்வை போட்டு என்னைப் பேசச் சொன்னார்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்காரப் போனபோது என் முட்டி இரண்டும் மைக்கில் கேட்கும்படி சொடுக்கின. அன்றைய உரையில் எல்லாருக்கும் நினைவிருக்கும் பகுதி அதுதான்.

உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி நம் பயிற்சியாளர் மேடம் கேட்டார். எப்படிக் கை ஊன்றுவது, எப்படிக் கால் சேர்ப்பது என்பதையெல்லாம் அவரே என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார். நான் வாங்கிய பதக்கங்களைப் பற்றி நீங்கள் கேட்காமலேயே நானாகச் சொல்வேன். அதிலிருந்து உங்களால் தப்ப முடியாது. அதனால் இங்கே, நான் வாங்கிய ஒரு பூஜ்யத்தைப் பற்றி எழுதுகிறேன். அதை நானாக யாரிடமும் சொல்வதில்லை.

நான் பிறந்தது தொண்ணூற்று மூன்றில், திண்டிவனத்தில். அப்பா மார்க்கெட் கமிட்டியில், விவசாயிகள் விளைச்சலை விற்கும் இடத்தில், மூட்டை தூக்குகிறவர். அம்மா மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்தில் பிறந்தவர்; கல்யாணமாகி வந்த பிறகும் கருவாட்டுக் கூடையை விடவில்லை. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குள் முதல் தடவை காலடி வைத்தது என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குத் தாங்க முடியாத அளவுக்கு இருந்தது. சுற்றியிருந்தவர்களுக்கும் தாங்க முடியாமல்தான் இருந்திருக்கும். பஸ் போர்டைப் படித்துச் சொல்வேன். கரண்ட் பில்லைப் படித்துச் சொல்வேன். தெருவில் யார் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் நான்தான் போய்ப் படிப்பேன், அதுவும் எழுந்து நின்று, செய்தி வாசிக்கிற குரலில். "படிச்ச புள்ள" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும்.

அப்பாவிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் மூட்டையைத் தூக்குவதற்கு முன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கமிட்டியில் எல்லாரும் அப்படித்தான். மூட்டைமேல் தெரியாமல் கால் பட்டுவிட்டாலும் உடனே குனிந்து தொட்டுக் கும்பிடுவார்கள். சோறு போடுகிற பொருளை மிதிக்கக் கூடாது.

நம் தொழிலோ முழுக்க மிதிக்கிற தொழில். பள்ளியில் பி.டி. டீச்சர் என்னை ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்த்த முதல் நாளே இது எனக்கு உறுத்தியது. பீம் என்கிற ஒல்லியான கட்டைமேல் நடக்க வேண்டும். ஸ்பிரிங் போர்டை ஓடிவந்து மிதிக்க வேண்டும். அதனால் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் தொட்டுக் கும்பிட்டேன். பீமைக் கும்பிட்டேன். கம்பியைக் கும்பிட்டேன். குதித்து இறங்கும் இடத்தில் போட நல்ல மெத்தை இல்லாததால், அப்பா மல்லாட்டைத் தோலை, அதாவது வேர்க்கடலைத் தோலை, நிரப்பிக் கொண்டுவந்து போட்ட சாக்கு மூட்டைகளையும் கும்பிட்டேன். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் பயிற்சி செய்கிறேனா, பிரகாரம் சுற்றுகிறேனா என்று தெரிந்திருக்காது.

பிறகு விழுப்புரத்துக்கு வந்து மேடத்திடம் சேர்ந்தேன். மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி எதிலும் யாரும் என் கும்பிடைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் முறை வருவதற்கு முன்னாலும் முடிந்த பின்னாலும் கும்பிடுவேன். அதற்குத் தடையில்லை. கும்பிடக் கூடாத நேரம் என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

பதினாலு வயதில் இந்திய ஜூனியர் அணிக்குத் தேர்வானேன். ஊருக்குப் போய் வரக் கிளம்பிய அன்று, மேடம் ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்தார். போட்டி விதிகளின் ஜெராக்ஸ், எல்லாம் இங்கிலீஷ்.

"அங்க யாரும் உனக்கு விட்டுக்குடுக்க மாட்டாங்க. முழுசாப் படிச்சுட்டு வந்து எங்கிட்ட சொல்லு."

நான் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பிரவுன் பேப்பர் அட்டை போட்டேன். லேபிள் ஒட்டி, என் பெயரை என்னால் முடிந்த மிக அழகான கையெழுத்தில் எழுதினேன். அது ஆயுத பூஜை சமயம். சந்தனப் பொட்டு வைத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். ஒரே ஒரு தடவை திறந்தேன். முதல் வரியிலேயே நாலு வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லை. யாரிடமாவது கேட்கலாம். ஆனால் தெருவுக்கே படித்துச் சொல்கிறவள் போய் அர்த்தம் கேட்பதா? மூடி வைத்துவிட்டேன்.

"படிச்சியா?" என்றார் மேடம், பத்து நாள் கழித்து.

"படிச்சுட்டேன் மேடம்."

"முழுசாவா?"

"ரெண்டு வாட்டி மேடம்."

அந்த இரண்டாவது வாட்டியை அவர் கேட்கவில்லை. அது என் சொந்தக் கற்பனை.

வெளிநாட்டுக்கு நாலு பேர் போனோம். ஒவ்வொரு கருவியிலும் நாலு பேரும் செய்வோம். அதிக மதிப்பெண் வாங்கிய மூன்று பேருடையது அணிக்குச் சேரும். ஒருத்தி சொதப்பினால் பரவாயில்லை, இரண்டு பேர் சொதப்பக் கூடாது. இந்தப் போட்டியில் எப்படிச் செய்கிறோம் என்பதை வைத்துத்தான் அடுத்த வருட இந்திய முகாமில் யார் இருப்பது என்று முடிவு செய்வார்கள். முகாம் போனால் இந்தியா என்று எழுதிய நீலச் சட்டையும் போகும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கமிட்டி ஆட்கள் எனக்கு ஃபிளெக்ஸ் பேனர் வைத்திருந்தார்கள். அந்தச் சட்டை போட்டிருந்த படம்தான் அதில் இருந்தது.

அணியுடன் வந்த பயிற்சியாளர் வடக்கத்திக்காரர்; எல்லாரும் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். மற்ற மூவரில் தமிழ் பேசியவள் ஒருத்தி, புதுச்சேரிக்காரி. திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாகப் போனால் ஒரு மணி நேரத்தில் அவள் வீடு. ஆனால் அவளை முதன்முதலில் பார்த்தது டெல்லியில், அணி முகாமில். என்னைவிட ஒரு வயது சின்னவள். வாய் மட்டும் பத்து வயது பெரியது.

போட்டி அன்றைக்கு எங்கள் வரிசைப்படி பீம், தரை, அதன் பிறகு வால்ட், கடைசியில் கம்பி. வால்ட்டில் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும்: ஓடிவந்து ஸ்பிரிங் போர்டை மிதித்து, மேசையில் கை ஊன்றிப் பறக்க வேண்டும். எங்கிருந்து ஓட ஆரம்பிப்பது என்பதை ஒவ்வொருத்தியும் அளந்து வைத்துக்கொள்வோம். ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே மீட்டர் எண்கள் போட்ட அளவு நாடா ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. விழுப்புரத்தில் செய்வதுபோல் பாதத்தோடு பாதம் வைத்து அறுபத்தெட்டு எண்ணி, சாக்கட்டியால் கோடு போட்டேன். ஊரில் வெறுங்காலால் அளப்பேன். அங்கே குளிர் என்று கேன்வாஸ் ஷூ போட்டிருந்தேன். ஒரு பாதத்துக்கு ஒரு விரற்கடை கூடினால் அறுபத்தெட்டுக்கு எவ்வளவு கூடும் என்று, கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய எனக்குத் தோன்றவில்லை.

பச்சை விளக்கு எரிந்தது. கையைத் தூக்கி நடுவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஓடினேன். பாதி தூரத்திலேயே தெரிந்துவிட்டது, கால் மாறி வருகிறது. மிதித்தால் கழுத்து முறியும். ஸ்பிரிங் போர்டுக்கு அரை அடி முன்னால் உடம்பை இழுத்துப் பிடித்து நின்றேன். அதுவரை நான் செய்ததெல்லாம் சரி. போர்டின் மேலும் மேசையின் மேலும் படாமல் நின்றுவிட்டால் திரும்பிப் போய் மறுபடி ஓடலாம். ஒரு மதிப்பெண் குறைப்பார்கள், அவ்வளவுதான். தீதி பின்னாலிருந்து, "திரும்பி வா, திரும்பி வா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

எனக்கு அது கேட்கவில்லை. வால்ட்டை அவமதித்துவிட்டோமே என்று மட்டும் மனசில் ஓடியது. ஒதுங்கிச் சுற்றிப் போய் மேசையை வலது கையால் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். அவசரமாகக்கூட இல்லை, நிதானமாக, நல்ல பக்தியுடன். பிறகுதான் திரும்பி நடந்தேன்.

நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீதி முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். விளக்குப் பலகையில் என் பெயருக்கு நேரே பூஜ்யம் வந்தது. புள்ளி வைத்து, அதன் பின்னால் இன்னும் மூன்று பூஜ்யம்.

"இன்னாடி பண்ண?" என்றாள் புதுச்சேரிக்காரி.

"தொட்டுக் கும்பிட்டேன்."

"யாரை?"

"மேசையை."

"அது இன்னா கோயிலா? தொட்டா செல்லாதுடி. புக்குல போட்டிருக்குதே. ரெண்டு வாட்டி படிச்சேன்னு முகாம் பூரா சொல்லிக்கினு திரிஞ்ச?"

அவள்தான் கடைசி ஆள். என் பூஜ்யத்தால் மற்ற மூன்று மதிப்பெண்ணும் அப்படியே சேரும் என்றாகிவிட்டது. அவள் விழவே கூடாது. அந்த நினைப்போடு ஓடினாள், பறந்தாள், இறங்கும்போது உட்கார்ந்தாள். எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தீதி என் முன்னால் மண்டியிட்டு என் இடது கணுக்காலைப் பிடித்தார். இந்தியில், தணிந்த குரலில் சொன்னார்: "வலிக்குது இல்ல? ஓடும்போது பிசகிடுச்சு, அதனாலதான் நின்னுட்ட. நான் டாக்டர்கிட்ட சொல்லிடறேன். நீ கம்பியில ஏற வேண்டாம். காயம்னு ரிப்போர்ட்ல போயிட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

அவர் கெட்டவர் இல்லை. என்னை முகாமில் வைத்துக்கொள்ள நினைத்தார். நானும் தலையாட்டினேன். அதில் எனக்கு இரட்டை லாபம். விதி தெரியாதவள் என்று யாருக்கும் தெரியாது. அதோடு, நாலு கருவியிலும் எனக்கு ஆகவே ஆகாதது கம்பி. அதிலிருந்தும் தப்பித்தேன்.

ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பாட்டுப் போடுவார்கள், வரிசையாக நடக்க வேண்டும். நான் நொண்டிக்கொண்டு நடந்தேன். முகத்தில் வலியைக் கொண்டுவந்தேன். பிறகு வீடியோவில் பார்த்தபோதுதான் தெரிந்தது: நொண்டும்போதும் கால் நுனியை அழகாக நீட்டி வைத்திருக்கிறேன். பயிற்சி அவ்வளவு நல்ல பயிற்சி.

"ஏ திண்டிவனம்," என்று பின்னாலிருந்து புதுச்சேரிக்காரியின் குரல்.

"இன்னா?"

"தீதி புடிச்சது இடது காலு. நீ நொண்டுறது வலது காலு."

நான் உடனே காலை மாற்றினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது, ஆனால் மாற்றினேன்.

"ஆங், இப்ப கரெக்டு," என்றாள். பிறகு குரல் மாறியது. "காலு நல்லாத்தானே இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது."

"அப்ப நாங்க மூணு பேர்தான் ஏறணும். மறுபடியும் ஒருத்தியும் வுழக் கூடாது. அங்க உக்காந்த பயமே எனக்கு இன்னும் போகல, கை பாரு, எப்படி ஆடுதுன்னு. நீ ஏறேன்டி. ஏறி வுழுந்தா வுழு."

அவள் கையைப் பார்த்தேன்.

கம்பி வரைக்கும் இன்னும் இருபது தப்படி இருந்திருக்கும். அந்த இருபது தப்படியில் எனக்குப் பெரிய ஞானம் எதுவும் வரவில்லை. பூஜ்யம் எல்லாருக்கும் தெரியும். நான் படிக்கவில்லை என்பது இவளுக்கு மட்டும்தான் தெரியும். அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு நொண்டலும். அதற்காக இந்தக் கை இன்னொரு தடவை நடுங்க வேண்டுமா? இவ்வளவுதான் யோசித்தேன். நிமிர்ந்து, ஒழுங்காக நடந்து தீதியிடம் போனேன்.

"பைர் டீக் ஹை, தீதி. கிதாப் நஹி படா."

கால் நன்றாக இருக்கிறது, புத்தகம்தான் படிக்கவில்லை. இலக்கணம் எப்படியோ, நான் பேசிய இந்தியிலேயே ஒரு பொய்யும் இல்லாத வாக்கியம் அது.

"இதை நான் எழுதித்தான் ஆகணும், தெரியுமில்ல?" என்றார் தீதி. தெரியும் என்றேன். "போய்க் கையில சாக் போடு" என்றார்.

என் கம்பி ஆட்டத்தை வருணிக்க மாட்டேன். முழங்கை மடங்கியது, கால் விரிந்தது, இறங்கி இரண்டு தப்படி தள்ளாடினேன். அதற்கு முன், பச்சை விளக்குக்காகக் காத்திருந்தபோது வலது கை தானாகக் கம்பியை நோக்கிக் கிளம்பியது. இடது கையால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டேன். ஆனால் கம்பியிலிருந்து விழவில்லை. எங்களில் கம்பியில் கெட்டிக்காரி, ஒரு நாளும் விழாதவள், அன்றைக்குக் கை வழுக்கி விழுந்தாள். அதனால் என் கோணல் ஆட்டத்தின் மதிப்பெண் கணக்கில் சேர்ந்தது. அணி கடைசிக்கு முந்தின இடத்துக்கு வந்தது. நான் ஏறாமல் இருந்திருந்தால் கடைசி. புதுச்சேரிக்காரி தண்ணீர் பாட்டிலை நீட்டி, "குடி. இதைத் தொடலாம், ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்றாள்.

அறிக்கையில் தீதி உள்ளதை உள்ளபடி எழுதினார். அடுத்த முகாம் பட்டியலில் என் பெயர் இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். படிக்கவில்லை என்றால் படிக்கவில்லை என்று சொல்லுங்கள். சொன்னதால் எனக்கு நல்லது நடந்தது என்று கதை விட மாட்டேன், முகாம் போயிற்று. சொல்லாமல் இருந்திருந்தால் முகாம் இருந்திருக்கும், நான் அந்தப் புத்தகத்தை இன்றைக்கு வரை திறந்திருக்க மாட்டேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அப்பா மாலையோடு நின்றார், கூடவே கமிட்டி ஆட்கள் ஏழெட்டுப் பேர். தலைக்கு மேலே பேனரில் நான் பறந்துகொண்டிருந்தேன்.

"எவ்ளோ மார்க்குமா?" என்றார் அப்பா.

"வால்ட்ல முட்டைப்பா."

"எதுக்கு?"

"மேசையைத் தொட்டுக் கும்பிட்டேன். தொடக்கூடாதாம்."

கமிட்டி ஆட்கள் கொதித்துவிட்டார்கள். "கும்பிட்டதுக்கா முட்டை போட்டான்? இன்னா பேஜாரா கீது" என்று ஒருவர் தோள் துண்டை உதறினார். அப்பா மட்டும் யோசித்தார்.

"தொடக்கூடாதுன்னு எழுதி வெச்சிருக்காங்களா?"

"எழுதி வெச்சிருக்காங்க."

"எதுல?"

"மேடம் குடுத்த புக்குல."

"நம்ம சாமி படத்துக்குக் கீழ பொட்டு வெச்சுக் கீதே, அதா?"

"அதான்."

"அப்ப வூட்டுக்கு வா. படிச்சுக் காட்டு."

அன்று சாயங்காலம் அட்டையும் பொட்டுமாகப் புத்தகத்தை இறக்கினேன். அப்பா எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் வரியைப் படித்தேன். "இன்னா அர்த்தம்?" என்றார்.

"தெரியலப்பா."

பதினாலு வருடத்தில் அவரிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. "யாருக்குத் தெரியும், போய்க் கேளு" என்றார். மேல்சித்தாமூரிலிருந்து வந்து எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த ஜைனக் குடும்பத்தில் ஒரு அக்கா காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா கருவாட்டுக் கூடையை வீட்டில் இறக்கி, அவர்களுக்கு மீன் வாடை ஆகாது என்று கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நின்று டிக்ஷனரி கேட்டார்.

தினம் ஒரு பக்கம் படித்தோம். அப்பா கேட்ட கேள்விகளை எந்த வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை. "பலகையில கால் படாம, மேசையில துணி மட்டும் பட்டா?" "ஓடி வர்றப்ப நாய் குறுக்க வந்தா, அது யார் மேல தப்பு?" வால்ட் பக்கத்துக்கு வந்த அன்று மட்டும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"கையை நீட்டாம திரும்பியிருந்தா ஒண்ணுதான் போயிருக்குமா?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணுதானா!" என்றார். அடுத்த ஒரு வருடத்துக்கு, சாப்பிடும்போதும் மூட்டை அடுக்கும்போதும் திடீர் திடீரென்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கமிட்டியில் வால்ட் விதி தெரியாத ஆளே இல்லை என்றாகிவிட்டது.

அடுத்த வருடம் தகுதித் தேர்வில் மறுபடி முகாமுக்குள் வந்தேன். புதுச்சேரிக்காரி முதல் நாளே, "எந்தக் காலுடி இப்ப?" என்றாள். அதன் பிறகு ஏழு வருடம் அந்த நீலச் சட்டையைப் போட்டேன். அதைப் பற்றி நேரில் விரிவாகச் சொல்கிறேன். ஓடுபாதையை நாடாவில் அளந்தேன். போட்டிக் கருவி எதையும் கும்பிடுவதற்காக மறுபடி தொட்டதில்லை, கை கிளம்பிய போதெல்லாம் மற்றக் கை பிடித்துக்கொண்டது.

என் கடைசிப் போட்டி விழுப்புரத்தில்தான். சால்வை, பேச்சு, முட்டிச் சொடுக்கு எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. நடுவர்கள் போய்விட்டார்கள், விளக்குப் பலகையை அணைத்துவிட்டார்கள். வால்ட் மேசை மட்டும் நடுவில் நின்றது. வாடகைக்கு வந்தது, அன்றைக்கே சென்னைக்குத் திரும்ப வேண்டும். இப்போது தொடலாம், எந்த விதியும் தடுக்காது என்று நினைத்துக்கொண்டு போனேன். கண்ணெல்லாம் கலங்கி, கையை நீட்டினேன்.

"ஏம்மா, ஜல்தி. லாரி நிக்குது. ஓரமா போ," என்றது பின்னாலிருந்து குரல்.

திரும்பிப் பார்த்தால் அப்பா. போட்டி பார்க்க வெள்ளை வேட்டியில் வந்தவர், மேசையைத் தூக்க ஒரு ஆள் குறைகிறது என்றதும் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வந்து நின்றார். அவரும் லாரிக்காரரும் ஒரு முனைக்கு ஒருவராக நின்றார்கள். நான் ஓரமாகப் போனேன்.

அப்பா குனிந்தார். மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தூக்கினார்.